நைட் ஷிஃப்ட்டில் சாப்பிட்டால் சர்க்கரை ஏன் ஏறுகிறது? கல்லீரலுக்குள் ஓடும் கடிகாரமும் மடிந்து விரியும் டிஎன்ஏவும்

இரவு மணி இரண்டு. மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது மாடி வார்டில், எட்டு மணிக்கு டூட்டி ஏறிய செவிலியர் இப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறக்கிறார். சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். போன வாரம் பகல் டூட்டியில் மதியம் அவர் சாப்பிட்டதும் இதே சாதம்தான், இதே அளவுதான். ஆனால் அவர் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. மதியம் சாப்பிட்டபோது ஏறியதைவிட இப்போது ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறும், இறங்கவும் நேரமாகும்.

இது வெறும் ஊகம் இல்லை. பாஸ்டனில் உள்ள பிரிகாம் மகளிர் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களுக்கு காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரே உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த முடிவின்படி, இரவில் ரத்தச் சர்க்கரை 17 சதவீதம் கூடுதலாக ஏறியது. தூக்கம் கெட்டதால் வந்த வித்தியாசமா என்றும் பிரித்துப் பார்த்தார்கள். முக்கியக் காரணம் அது இல்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரம்தான் என்று தெரிந்தது.

"ராத்திரி முழிச்சா உடம்பு கெட்டுப்போகும்" என்பது வீட்டுக்கு வீடு சொல்வதுதான். எப்படிக் கெடுகிறது என்ற கேள்விக்குத்தான் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் செல்லின் மையக்கரு வரை இறங்கிப் பதில் தேடியிருக்கிறார்கள். மரபணுக்கள் எந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்பதோடு, டிஎன்ஏ எந்த நேரத்தில் எப்படி மடிந்திருக்கிறது என்பதும் நாம் சாப்பிட்ட சோற்றின் கதியைத் தீர்மானிக்கிறது என்கிறது அந்தப் பதில்.

இந்தியாவில் இது ஆய்வகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. அதற்கு முந்தைய கட்டத்தில், 'பார்டர்' என்று சாதாரணமாகச் சொல்கிற நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இன்னொரு பக்கம், இரவில் விழித்திருந்து சம்பாதிப்பவர்களின் கூட்டமும் பெருகுகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-ல் அனுமதித்தது, பிறகு அதை நீட்டித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பெண்கள் சம்மதத்தின் பேரில் எல்லா வகை வேலைகளிலும் இரவுப் பணி செய்ய வழிவிட்டிருக்கின்றன.

உடம்புக்குள் எத்தனை கடிகாரம்?

ஒன்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சின்னஞ்சிறு திட்டு ஒன்று இருக்கிறது. விழித்திரையில் வெளிச்சத்தை அளக்கவென்றே இருக்கும் தனிச் செல்கள், விடிந்ததா இருட்டியதா என்று அதற்குத் தகவல் அனுப்புகின்றன. மனிதர்களில் இந்தக் கடிகாரத்தின் சொந்த வேகம் சராசரியாக 24 மணி 10 நிமிடத்துக்கு அருகில். தினமும் காலை வெளிச்சம் பட்டு அந்தச் சில நிமிடங்கள் சரிசெய்யப்படுகின்றன.

கடிகாரம் எதனால் செய்யப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது பழத்தில் மொய்க்கும் ஈ. 1971-ல் அமெரிக்காவில் ரொனால்ட் கோனோப்காவும் சீமோர் பென்சரும், நேரம் தப்பிய ஈக்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு ஈக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதுக்கு நாள் என்ற கணக்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில். அதற்குப் 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது எப்படிச் சுழல்கிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. கோனோப்காவும் பென்சரும் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

பாலூட்டிகளில் அந்த இயந்திரம் இப்படி ஓடுகிறது. 'க்ளாக்', 'பிமால்1' என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் உட்கார்ந்து, 'பீரியட்', 'கிரிப்டோகுரோம்' மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, மையக்கருவுக்குள் திரும்பி வந்து, தங்களைப் பிறப்பித்த ஜோடியின் கையையே கட்டிப்போடுகின்றன. பிறகு அவை சிதைந்துபோக, கட்டு அவிழ்கிறது, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் ஒரு நாள்.

இந்த இயந்திரம் மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், கணையம், இதயம், தசை, கொழுப்பு என்று ஏறக்குறைய எல்லா இடத்துச் செல்லிலும் இருக்கிறது. மூளைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கிறது. கல்லீரலுக்கு ஜன்னல் இல்லை. அது சாப்பாட்டைப் பார்க்கிறது. ஜெனீவாவில் உயேலி ஷிப்லர் குழு 2000-ஆம் ஆண்டில் இதைத் தெளிவாகக் காட்டியது. இரவில் இரை தேடும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டார்கள். சில நாட்களில் கல்லீரல் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளைக் கடிகாரமோ அசையவே இல்லை. ஒரே உடம்பில் மூளைக்கு ஒரு நேரம், கல்லீரலுக்கு வேறு நேரம்!

நைட் ஷிஃப்ட் என்பதைச் செல்லின் பார்வையில் பார்த்தால் இதுதான். விடுமுறை நாளில் பகல் வெளிச்சம் பட்டு மூளை ஊர் நேரத்திலேயே நிற்கும். நள்ளிரவுச் சாப்பாடு கல்லீரலை வேறு பக்கம் இழுக்கும். வாரம் மாறி ஷிஃப்ட் மாறினால் மறுபடியும் குழப்பம்.

வெளிச்சமும் சாப்பாடும்தான் கடிகாரத்தைத் திருகும் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு சாட்சி மதுரையில் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970-களில் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். கும்மிருட்டான குகைக்குள் கூண்டில் தனியாக அடைத்த வௌவால், வெளிச்சத்தையே பார்க்காமல், தன் கூட்டம் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் நேரத்துக்கே தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டது. கூட்டத்திலிருந்து பிரித்துத் தொடர் இருட்டில் வைத்தால் அந்தப் பொருத்தம் கலைந்துபோனது. இந்தியாவில் உயிர்க் கடிகார ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சந்திரசேகரன். நேரம் தெரியாத தனியறையில் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்துத் தூக்கத்தை அளந்த ஆய்வுகளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தன.

கடிகாரம் எவ்வளவு தூரம் ஆட்சி செய்கிறது என்பதற்கு இரண்டு எண்கள். எலியின் 12 உறுப்புகளைப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், புரதம் தயாரிக்கும் மரபணுக்களில் 43 சதவீதம் ஏதாவது ஓர் உறுப்பிலாவது நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின. நம்மைப்போல் பகலில் விழித்திருக்கும் பபூன் குரங்கின் 64 திசுக்களைப் பார்த்த 2018 ஆய்வில் இது 80 சதவீதத்தைத் தாண்டியது. உறுப்புக்கு உறுப்பு பட்டியல் வேறு, நேரமும் வேறு. கல்லீரலில் காலையில் முடுக்கமாக இருக்கும் மரபணு சிறுநீரகத்தில் சும்மா கிடக்கலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. க்ளாக், பிமால் ஜோடி எல்லா உறுப்பிலும் ஒன்றுதான். டிஎன்ஏவும் ஒன்றுதான். பிறகு எப்படிப் பட்டியல் மாறுகிறது?

சேலை மடிப்பும் டிஎன்ஏ மடிப்பும்

ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அது அடைந்திருக்கும் மையக்கருவின் குறுக்களவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் கட்டமாக இந்த நூல், ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்படுகிறது. அந்த மணிமாலை மறுபடியும் வளைந்து, கண்ணிகளாகவும் கொத்துகளாகவும் அடுக்கப்படுகிறது. வேலை இல்லாத பகுதிகள் பெரும்பாலும் மையக்கருவின் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். வேலை செய்யும் பகுதிகள் உள்ளே தளர்ந்திருக்கும்.

இதை இடப் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு என்று மட்டும் நினைத்தால் தப்பு. ஆறு கெஜம் சேலையை விரித்துப்போட்டால் ஒரு முனையும் மறுமுனையும் ஐந்து மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். மடித்துப் பீரோவில் வைத்தால் எங்கோ இருந்த இரண்டு பூ வேலைகள் ஒன்றின்மேல் ஒன்று படியும். வேறு மாதிரி மடித்தால் வேறு இரண்டு பூக்கள் சந்திக்கும். டிஎன்ஏவிலும் அப்படித்தான். ஒரு மரபணுவை முடுக்கும் 'ஸ்விட்ச்' பகுதி, அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல லட்சம் எழுத்துகள் தள்ளிக்கூட இருக்கும். நூல் கண்ணியாக வளைந்து இரண்டும் தொட்டுக்கொண்டால்தான் மரபணு முழு வேகத்தில் வேலை செய்யும். மையக்கருவில் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மொத்தமாகப் படம்பிடிக்கும் முறை 2009-ல் வந்தது. அதன் பிறகுதான் இந்தத் துறை வேகமெடுத்தது.

மடிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் எவ்வளவு ஏமாறுவோம் என்பதற்கு உடல் பருமன் மரபணு நல்ல உதாரணம். 2007-ல் 'எஃப்டிஓ' என்ற மரபணுவின் நடுவில் உள்ள ஒரு மாற்றம் உடல் எடையோடு தொடர்புடையது என்று கண்டுபிடித்தார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் சராசரியாக மூன்று கிலோ கூடுதல் எடை. குண்டு மரபணு கிடைத்துவிட்டது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. ஏழு ஆண்டு கழித்து, 2014-ல் பார்த்தால், அந்த மாற்றம் இருக்கும் இடம் எஃப்டிஓவைவிட, ஏறக்குறைய ஐந்து லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கும் 'ஐஆர்எக்ஸ்3' என்ற வேறொரு மரபணுவைத்தான் வளைந்து போய்த் தொடுகிறது. கொழுப்பை எரிக்க வேண்டிய செல்லைச் சேமிக்கும் பக்கம் தள்ளுவது அந்தத் தொடர்புதான் என்று 2015-ல் இன்னொரு ஆய்வு விளக்கியது. வீடு ஒன்றாக இருக்க, பூட்டிய கதவு அடுத்த தெருவில் இருந்த கதை.

மணிக்கு மணி மாறும் மடிப்பு

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். இந்த மடிப்பு நிலையானது இல்லை, கடிகாரத்தோடு சேர்ந்து அதுவும் மாறுகிறது என்பதுதான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பெரிய செய்தி.

முதல் துப்பு ஹிஸ்டோன் உருண்டைகளில் கிடைத்தது. அவற்றின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குறி ஒட்டினால் சுற்று தளரும், மரபணு படிக்கக் கிடைக்கும். குறியைச் சுரண்டி எடுத்தால் சுற்று இறுகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மிட்செல் லாசர் குழு 2011-ல் எலியின் கல்லீரலில், இப்படிச் சுரண்டும் 'எச்டாக்3' என்ற நொதியைப் பின்தொடர்ந்தது. எலி தூங்கும் பகலில் அது டிஎன்ஏவின் 14,000-க்கும் மேற்பட்ட இடங்களில் உட்கார்ந்திருந்தது. எலி விழித்து இரை தேடும் இரவில் ஏறக்குறைய 100 இடங்கள்தான். அதைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பது 'ரெவ்-எர்ப்' என்ற கடிகாரப் புரதம். உட்கார்ந்த இடங்களில் பல கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களுக்குப் பக்கத்தில்.

அந்த நொதியைக் கல்லீரலில் இல்லாமல் செய்தபோது எலிகளுக்குக் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. அதாவது சாப்பிடாத நேரத்தில் கொழுப்புத் தயாரிப்புக்குப் போட வேண்டிய பூட்டைப் போட ஆள் இல்லை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அந்த எலிகளுக்குச் சர்க்கரை ஏறவில்லை. குளுக்கோஸாகப் போக வேண்டியது கொழுப்பாகத் திருப்பிவிடப்பட்டிருந்தது என்று அடுத்த ஆண்டு அதே குழு காட்டியது. 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேனில் வந்தாலே அடுத்தது சுகர்தான் என்று கணக்குப் போட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

2018-ல் இரண்டு ஆய்வுகள் மடிப்பையே நேரடியாகப் பிடித்தன. லாசர் குழு, ரெவ்-எர்ப் வந்து உட்காரும் நேரத்தில் ஸ்விட்ச் பகுதிக்கும் மரபணுவுக்கும் இடையிலான கண்ணி அவிழ்வதையும், அது விலகியதும் கண்ணி மறுபடி சேர்வதையும் எலிக் கல்லீரலில் காட்டியது. தினமும் ஒருமுறை கட்டி, ஒருமுறை அவிழ்க்கும் முடிச்சு. சுவிட்சர்லாந்தின் லொசானில் ஃபெலிக்ஸ் நாயஃப் குழு இன்னொரு படி மேலே போனது. கிரிப்டோகுரோம் மரபணுவோடு நேரத்துக்கு ஏற்பத் தொட்டு விலகும் ஒரு சிறு ஸ்விட்ச் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்த எலிகளின் 'நாள்' சுருங்கிவிட்டது.

உறுப்புக்கு உறுப்பு பட்டியல் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. கல்லீரலில் திறந்திருக்கும் மடிப்பு வேறு, சிறுநீரகத்தில் திறந்திருப்பது வேறு. கடிகாரம் ஒன்றேயானாலும் அது தட்டும் கதவுகள் வேறு.

கடிகாரம் ஜீரணத்தை ஆட்டிவைக்கிறது என்பதோடு கதை முடியவில்லை. ஜீரணமும் கடிகாரத்தைத் திருகுகிறது. செல்லின் ஆற்றல் கணக்கில் முக்கியமான 'என்ஏடி' என்ற மூலக்கூறின் அளவு நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. அதைத் தயாரிக்கும் நொதி கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று 2009-ல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அந்த என்ஏடி இருந்தால்தான் 'சர்ட்1' என்ற இன்னொரு சுரண்டும் நொதி வேலை செய்யும். சர்ட்1 போய்க் கடிகாரப் புரதங்களையும் ஹிஸ்டோன்களையுமே மாற்றுகிறது. ஆகவே எப்போது சாப்பிடுகிறோம் என்ற தகவல் மறுபடியும் டிஎன்ஏவின் இறுக்கத்தில் போய் எழுதப்படுகிறது.

கணையத்தின் பங்கும் உண்டு. இருட்டியதும் மூளையிலிருந்து சுரக்கும் மெலடோனினை உணரும் ஏற்பிகள் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இருக்கின்றன. மெலடோனின் உச்சத்தில் இருக்கும் நள்ளிரவில் இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது. அந்த ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு பொதுவான மாற்றம் நீரிழிவு அபாயத்தைக் கூட்டுவதாக 2009-லேயே தெரிந்தது.

மடிப்பு பற்றிய இந்த ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. உயிரோடு இருக்கும் மனிதரின் கல்லீரலிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டு எடுத்துப் பார்க்க யாரும் சம்மதிக்கப்போவதில்லை. மேலும் எலி இரவாடி, மனிதன் பகலாடி. கருவிகள் ஒன்றுதான் என்றாலும் நேரக் கணக்கை அப்படியே பெயர்த்துவிட முடியாது. மனிதர்கள் விஷயத்தில் சாட்சி சொல்வது ரத்தம்தான்.

மனித ரத்தம் சொல்வது

ஃபிராங்க் ஷீர் குழு 2009-ல் பத்துப் பேரை ஆய்வகத்தில் வைத்து, அவர்களுடைய நாளை 28 மணி நேரமாக நீட்டியது. உடல் கடிகாரத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே சில நாட்களில் அவர்கள் தங்கள் கடிகாரத்துக்கு நேர் எதிரான நேரத்தில் சாப்பிட்டு, எதிரான நேரத்தில் தூங்கினார்கள். ரத்தச் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. அதுவும் இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாக இருந்தும். போதும் என்று வயிற்றுக்குச் சொல்லும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. முழு அளவீடு கிடைத்த எட்டுப் பேரில் மூவர், ஆரோக்கியமாக உள்ளே வந்தவர்கள், சாப்பாட்டுக்குப் பிறகு நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருப்பவரைப்போல் சர்க்கரையைக் காட்டினார்கள்.

சில நாட்களில் இது என்றால், ஆண்டுக்கணக்கில்? அமெரிக்காவில் சுமார் 1,77,000 செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்த ஆண்டுகள் கூடக்கூட நீரிழிவு அபாயமும் படிப்படியாகக் கூடியது. 20 ஆண்டுகளுக்கு மேல் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிட 58 சதவீதம் அதிகம். உடல் எடையையும் கணக்கில் எடுத்துக் கழித்தால் அது 24 சதவீதமாகக் குறைந்தது. அதாவது பாதிக்கு மேல் எடை வழியாக வந்த ஆபத்து. மீதி எடைக்கும் அப்பாற்பட்டது. ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: இப்படிப்பட்ட ஆய்வு, இரவு வேலையையும் நோயையும் சேர்த்துக் காட்டும். அது மட்டுமே காரணம் என்று நிரூபிக்காது. ஆய்வகச் சோதனையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் வலு கூடுகிறது.

புற்றுநோய் விஷயத்தில் சாட்சி இன்னும் கலவையாகவே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-ல், கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2019-ல் மறுபடி பரிசீலித்து அதே இடத்தில் நிறுத்தியது. இந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை. சிவப்பு இறைச்சியும் இதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் டென்மார்க் அதோடு நிற்கவில்லை. நீண்ட காலம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதைத் தொழில் சார்ந்த நோயாக ஏற்று இழப்பீடு கொடுத்தது. வாரத்துக்கு ஓர் இரவாவது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்திருப்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் எப்போது சாப்பிடுவது?

ஷீர் ஆய்வகத்தின் இன்னொரு சோதனைக்கு நடைமுறைப் பயன் உண்டு. 2021-ல் வெளியான அதில், சரா செல்லப்பா உள்ளிட்டோர் 19 பேரை ஆய்வகத்தில் நைட் ஷிஃப்ட் போல விழிக்க வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு இரவிலும் சாப்பாடு, இன்னொரு பிரிவுக்குப் பகலில் மட்டும். தூக்க நேரம் இரு பிரிவுக்கும் ஒரே மாதிரிதான் புரட்டப்பட்டது. இரவில் சாப்பிட்டவர்களின் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி ஏறவில்லை. தூக்கம் கெட்டே தீரும் என்றாலும் சாப்பாட்டு நேரத்தைப் பகலில் வைத்துக்கொண்டால் பாதிப்பின் ஒரு பகுதியைத் தடுக்க முடியும் என்று இது காட்டுகிறது. பத்தொன்பது பேர், இரண்டு வாரம். சின்ன சோதனைதான், ஆனால் செல்லுக்குள் கண்டதோடு பொருந்துகிறது.

இதை 'இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்' விளம்பரங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனை 2022-ல் வந்தது. அளவைக் குறைத்துச் சாப்பிட்டவர்களும், அதே அளவை காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடைதான் குறைந்தார்கள். பகலில் வேலை பார்த்து எட்டரைக்கு இட்லி சாப்பிடுபவருக்கு நேரக் கணக்கால் கிடைக்கும் கூடுதல் லாபம் பெரிதாக இல்லாமல் போகலாம். கடிகாரம் குலைந்தவர்களின் பிரச்சினை வேறு. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து இருக்கிறது.

சரி, பகலில் மட்டும் சாப்பிடுங்கள் என்று நைட் ஷிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டால் போதுமா? ஸ்பின்னிங் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவரிடம் "பட்டினியாக இருங்கள்" என்று சொல்ல முடியாது. டூட்டி ஏறும் முன் மாலையில் வயிறாரச் சாப்பிட்டு, நடுவே லேசாக எதையாவது எடுத்துக்கொண்டு, காலையில் அடுத்த நல்ல சாப்பாடு என்பது பலருக்குச் சாத்தியம். ஆனால் ஷிஃப்ட் ஏறப் பஸ் பிடிக்க ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியவருக்கு? நள்ளிரவில் கேன்டீனில் கிடைப்பது பரோட்டாவும் பஜ்ஜியும் சர்க்கரை அள்ளிப்போட்ட டீயும் மட்டும்தான் என்றால்? இரவு டூட்டி முடித்து வீட்டுக்கு வரும் பெண்களில் பலருக்குக் காலையில் தூக்கம் இல்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் இரண்டாவது டூட்டி காத்திருக்கிறது. அறிவுரை சொல்வது சுலபம். ஷிஃப்ட் அட்டவணை போடுபவரும் கேன்டீன் ஒப்பந்தம் விடுபவரும் செய்ய வேண்டியதைத் தொழிலாளியின் மன உறுதியிடம் விட்டுவிடுவது நியாயம் இல்லை.

சட்டம் எங்கே பார்க்கிறது?

பெண்கள் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் ரத்து செய்தது. பாகுபாடு என்ற வாதத்தை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. அது சரியான தீர்ப்பு. வேலை வாய்ப்பைப் பறித்து உடல்நலத்தைக் காப்பாற்றுவது பெண்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அதற்குப் பிறகு வந்த விதிகளும் ஆணைகளும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகின்றன: எழுத்துபூர்வ சம்மதம், வீடு வரை வாகனம், வெளிச்சம், கண்காணிப்பு கேமரா, ஓய்வறை. இரவு வேலையின் ஆபத்து வழியில் இருக்கிறது என்று சட்டம் நினைக்கிறது. கல்லீரலிலும் இருக்கிறது என்பது இன்னும் அதன் கண்ணில் படவில்லை. ஆண்களின் இரவு வேலையைப் பற்றியோ இந்த அளவுகூடப் பேச்சு இல்லை.

புதிய சட்டத் தொகுப்பில் ஒரு வாசல் இருக்கிறது. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மில்லுக்கோ கால் சென்டருக்கோ நர்சிங் வேலைக்கோ 20, 21 வயதில் சேரும் ஒருவர், முதல் பரிசோதனைக்குப் போய் நிற்கும்போது இருபது வருட நைட் ஷிஃப்ட்டை முடித்திருக்கக்கூடும். செவிலியர் ஆய்வில் அபாயம் உச்சத்தில் இருந்தது அந்த வரிசையில்தான். டென்மார்க் இழப்பீட்டுக்குப் பார்த்ததும் ஏறக்குறைய அதே இருபது வருடம்.

அந்த இருபது வருடத்தை இங்கே யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. டென்மார்க்கில் அந்தப் பெண்கள் எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை இரவு என்று காட்ட முடிந்தது. இங்கே ஒப்பந்ததாரர் மாறினால் வருகைப் பதிவேடும் மாறும். ஆண்டுப் பரிசோதனைக்கு வரும் தொழிலாளியிடம் ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், பீடி சிகரெட் உண்டா என்று கேட்பார்கள். அந்தப் படிவத்தில் "இதுவரை எத்தனை வருடம் நைட் ஷிஃப்ட்?" என்று ஒரு வரியைச் சேர்க்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது.